குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் ஐயாவுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் 19 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 93 பேருக்கும் வணக்கம். கூட்டம் நடத்தத் தேவையான கோரம் இல்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே 19 பேரோடு மறுபடி தொடங்கியிருக்கிறோம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. கொசுப் புகை நான்கு தடவை அடிக்கப்பட்டது. அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது நம்மில் சிலர் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்கள். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, வாடகை மோட்டார் வைத்து இரண்டாவது குறுக்குத் தெருத் தண்ணீரை இறைத்தோம். பொங்கல் கோலப் போட்டி நடந்தது; பரிசு பற்றிய பேச்சை மறுபடி கிளற வேண்டாம். மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டிய படிவங்களை இந்த வருடம் அபராதம் இல்லாமல் கொடுத்துவிட்டோம்.

இனி அந்த இடத்துக்கு வருகிறேன்.

கிழக்குக் கோடியில் இருக்கும் ஐந்தரை கிரவுண்டை இருபது வருடமாகக் குப்பைமேடு என்றே சொல்லிவந்தோம். ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதுகூட 'குப்பைமேடு தாண்டி லெஃப்ட்' என்றுதான். மனைப்பிரிவு வரைபடத்தில் அதன் பெயர் பூங்கா. அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். இடம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் என்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிப்பவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 3,000-லிருந்து 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். நம்முடையது 12,000-ஐத் தாண்டியதால் மனை போட்டவருக்கு அந்த வழி இல்லாமல் போயிற்று. அப்படி வந்த இடம்தான் இது.

இது தெரியாமல், நம்மில் பாதிப் பேர் அது மனை போட்டவருடைய வாரிசுகளின் சொத்து என்றும், மீதிப் பேர் வழக்கில் இருக்கிறது என்றும் நினைத்திருந்தோம். எந்த வழக்கு, எந்தக் கோர்ட் என்று கேட்டால் பதில் வராது. போன சித்திரையில் ஒரு மத்தியானம் சும்மா இருந்தபோது, பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 1988-இல் பதிவான தானப் பத்திரம் வந்து நின்றது. அதற்குப் பின் ஒரு பதிவும் இல்லை. நம் பகுதி அப்போது பஞ்சாயத்து. 2011-இல் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்து, 174 சதுர கிலோமீட்டரை 426 ஆக்கியபோது எத்தனையோ மூட்டைகளில் எத்தனையோ கோப்புகள் போயின. நம் கோப்பும் ஏதோ ஒரு மூட்டையில் போயிருக்கும்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில் நாற்பத்தேழாம் நாள் வந்தது. வந்தவரைக்கும் சரி. இடம் உள்ளாட்சியுடையது, பராமரிப்பை மட்டும் சங்கம் செய்யலாம் என்று பின்னால் அனுமதியும் கிடைத்தது. அதற்கு நான் எத்தனை தடவை பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று எழுதினால் அறிக்கை நீண்டுவிடும், பதினொரு தடவை.

சர்வேயர் புலப்படத்தை வைத்துக்கொண்டு சங்கிலி போட்டு அளந்தார். உறுப்பினர் ஒருவரின் கார் ஷெட் நாலடி உள்ளே வந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் மூன்று வருடமாகச் சந்தா கட்டாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஷெட்டைப் பின்னுக்கு எடுத்துவிட்டார், அதற்கு நன்றி. அதன் பிறகு தெருவில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

ஜூலையில் ஜேசிபி வந்தது. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தபோது அடியில் இருந்து வந்தவை: உடைந்த கழிவறைப் பீங்கான்கள், மெத்தைகள், சரக்கு பாட்டில்கள், யாரோ வீட்டைத் திருத்தியபோது உடைத்த மொசைக் தரை. அந்தப் பச்சைப் புள்ளி மொசைக்கை நான் அடையாளம் கண்டுகொண்டேன், அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன். ஆக, வெளியார் வந்து கொட்டுகிறார்கள் என்று நாம் எழுதிய புகார்களை இனி கொஞ்சம் அடக்கி எழுதலாம். டயர்களிலும் தேங்காய் மட்டைகளிலும் நல்ல தண்ணீர் நின்று புழு நெளிந்தது. டெங்கு கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இது போதும்.

இடம் வெறுமையான மூன்றாம் நாள் விடிகாலை, வடகிழக்கு மூலையில் ஒரு செங்கல் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு செவ்வரளிப் பூவோடு. இதில் அனுபவம் உள்ளவர்களுக்குப் புரியும். ஒரு செங்கல் ஒரு வாரத்தில் மூன்றாகும், ஆடிக்குள் தகரக் கூரை வரும், உண்டியலும் வரும். அப்புறம் அதைத் தொட எந்த அதிகாரியும் வரமாட்டார். எடுக்கவும் பயம், விடவும் பயம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்களைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "சாமிக்கு அங்க ஏற்கெனவே இடம் இருக்கு, ஏன் இங்க வெயில்ல நிக்கணும்?" என்று சொல்லிக் கற்பூரம் காட்டி, செங்கல்லைத் துண்டில் ஏந்திக்கொண்டுபோய் அரசமரத்தடியில் வைத்தார். இரண்டாவது செங்கல் வரவில்லை. நூறு ரூபாய் தட்சிணை என் கைப்பணம், கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கு என்றதும், நம் வாட்ஸ்அப் குழுவில் எழுந்த கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தீர்மானம் இல்லாமல் செயலாளர் பணத்தை இறைத்தார் என்று எழுதப்பட்டது. ஜேசிபி ஒன்பது மணி நேரம், 11,700 ரூபாய். லாரி 16 நடை, 24,000. மொத்தம் 35,700. தீர்மானம் போட மூன்று ஞாயிறு கூட்டம் கூட்டினேன். மூன்று ஞாயிறும் நான், பொருளாளர், ஒரு தட்டு மிக்சர். நான்காவது ஞாயிறு மழைக்காலத்தில் போயிருக்கும்.

கேட்டுக்குச் செலவே இல்லை. அடுக்குமாடி கட்ட இடித்த ஒரு பழைய வீட்டின் கேட்டை மேஸ்திரி அண்ணன் சும்மா கொடுத்தார். 'நாய்கள் ஜாக்கிரதை' தகடு இன்னும் அதில் இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம் என்பது என் கருத்து; ராத்திரி குப்பை கொண்டுவருகிறவர்கள் ஒரு கணம் யோசிக்கிறார்கள்.

என்ன நடுவது, எதற்கு விடுவது என்பதில் கருத்துகளுக்குக் குறைவில்லை. கார் நிறுத்த விடலாம் என்றார் ஒருவர், சிறிய மண்டபம் கட்டி வாடகைக்கு விடலாம் என்றார் இன்னொருவர். பூங்கா, விளையாட்டு என்று ஒதுக்கிய இடத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. பிறகு இந்த இடத்தில் என்ன முளைக்கும் என்று கேட்டவரிடம் அடையாற்று முகத்துவாரத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த 58 ஏக்கர்தான் 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தது. நமக்கு இருப்பது ஐந்தரை கிரவுண்டு.

புங்கன், நாவல், வேம்பு, பூவரசு என 40 கன்று வைத்தோம். 2016 வர்தா புயலில் நம் தெருவில் சாய்ந்தவை பெரும்பாலும் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும். வேம்பு கிளையோடு தப்பியது. 40-இல் ஒன்பதை ஆடு தின்றது. ஆடு யாருடையது என்றும் தெரியும். தெற்கு ஓரத்தில் மூன்றாவது குறுக்குத் தெரு அம்மா போட்ட சிறுகீரையும் அரைக்கீரையும் வாரம் இரண்டு தடவை கட்டுக் கட்டாகப் போகின்றன. முப்பது வீட்டுக் காய்கறிக் கழிவு உரக்குழிக்கு வருகிறது. அதில் இன்னும் பால் கவர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். புயல் மழையில் பள்ளத்தில் நின்ற தண்ணீர் இரண்டு நாளில் மண்ணுக்குள் இறங்கியது. தெருவில் நின்றது ஐந்து நாள்.

செப்டம்பரில் கூட்டுத் துப்புரவுக்கு அழைத்தேன். செய்தியைப் பார்த்தவர்கள் 94, கட்டைவிரல் போட்டவர்கள் 58, மண்வெட்டி பிடித்தவர்கள் 11. அதில் நாலு பேர் பிள்ளைகள், ஐந்து பேர் வாடகைக்கு இருப்பவர்கள். சொந்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வந்தது செலவுக்குச் சரியாக இருந்தது. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விவரம் பொருளாளரின் நோட்டில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போகலாம். சந்தா மாதம் நூறு, வருடம் 1,200. 112 பேரில் 67 பேர் கட்டியிருக்கிறார்கள். பாக்கி 54,000. பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் ஐயா சொல்லிவிட்டார். பட்டியல் தயாராக இருக்கிறது.

அடுத்த வருடம் சுற்றுச்சுவரும் நடைபாதையும் போட, நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்க உத்தேசம். மூன்றில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். மதிப்பீடு ஆறு லட்சம் வந்தால் நம் பங்கு இரண்டு லட்சம். பாக்கி வசூலானாலே கால் பங்குக்கு மேல் ஆகிவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

தலைவர் ஐயா, பொருளாளர், செயற்குழுவினர், வார்டு உறுப்பினர், துப்புரவுப் பணியாளர்கள், மைக் செட் கொடுத்தவர், இன்று டிபன் ஏற்பாடு செய்தவர் அனைவருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. கேட்டைக் காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு எட்டரைக்குப் பூட்டுவது இதுவரை நான்தான். வைகாசியில் எனக்கு முழங்கால் ஆபரேஷன், இரண்டு மாதம் மாடியிலிருந்து இறங்க முடியாது. திறக்காவிட்டால் பரவாயில்லை, பூட்டாமல் விட்டால் ஒரே வாரத்தில் முதல் மூட்டை வந்துவிடும். சாவி என் வீட்டு வாசல் ஆணியில் நீலக் கயிற்றில் தொங்குகிறது. பெல் அடிக்க வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்