ஓசி டிக்கெட்டு கதை

டேய் நெட்ட,

எப்படிடா இருக்க, ஓசூர் குளிரெல்லாம் ஒத்துக்குதா. நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ கேட்டு பத்து நாளாச்சு, பதில் போடணும் போடணும்னு நெனச்சு இன்னிக்குத்தான் உக்காந்தேன், மாடில துணி காயுது, மணலி பக்கத்துலேந்து அதே நாத்தம் வருது, ஊர் மாறவே இல்ல. அப்பாவுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, பொண்ணு ஆறாவது போயிட்டா, மெட்ரோ 2021லயே நம்ம வடசென்னை காலாடிப்பேட்டைக்கு வந்தும் நம்ம ஆளுங்க இன்னும் ஷேர் ஆட்டோவுலதான் தொங்கினு போறானுங்க.

சரி விஷயத்துக்கு வரேன். "இன்னாடா ஓசில ஃப்ளைட் ஏறி மேகாலயா போனியாமே, எனக்கு மட்டும் சொல்லல"ன்னு கோச்சுக்கினல்ல, யாரு உன்கிட்ட ஓசின்னு சொன்னது? ரெண்டு வருஷம்டா மச்சி. ரெண்டு வருஷமா வீட்டுக்கு வாங்குற மளிகை, கேஸ், கரண்ட் பில்லு, அப்பா மாத்திரை, பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்தையும் ஒரே கிரெடிட் கார்டுல தேச்சு, மாசம் முப்பது முப்பத்திமூணாயிரம், நூறு ரூபாய்க்கு ரெண்டு பாயிண்ட்டுனு சேத்து, இடையில ஒரு போனஸும் வந்து, எல்லாம் சேந்து பதினெட்டாயிரம் பாயிண்ட் கிட்ட ஆச்சு. கேக்க பெருசா இருக்கும், ஆனா பாயிண்ட்டு வேற ரூபா வேற. என் கார்டுல அதே பாயிண்ட்ட குடுத்து கேட்டலாக்ல மிக்ஸி, பெட்ஷீட்டுனு வாங்குனா ஒரு பாயிண்ட்டுக்கு இருபது காசு கூட தேறாது, ஃப்ளைட் டிக்கெட்டுக்கு போட்டாதான் ஐம்பது காசு. அதுலயும் டிக்கெட் விலைல 70 சதவீதம் வரைக்கும்தான் பாயிண்ட்டு, மீதிய கைலேந்து கட்டணும். கவுகாத்திக்கு 7,400 ரூபா டிக்கெட்டு, 10,360 பாயிண்ட் போச்சு, 2,220 ரூபா என் துட்டு, அதுக்கு மேல பாயிண்ட்ட மாத்துறதுக்கே 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் புடுங்கிட்டான். இதுவும் ஒரு வழிக்கு மட்டும்தான். வர்றப்ப ரயிலு.

இத கேட்டதும் என் பொண்டாட்டி, ரெண்டு வருஷம் பொத்தி பொத்தி சேத்து வச்சதுல டிக்கெட்டுக்கு தேறுனது அஞ்சாயிரம் ரூபாதானான்னு கேட்டா. கணக்கு கரெக்ட்டுதான், ஆனா அவ ஒன்ன வுட்டுட்டா. எனக்கு லீவு எட்டு நாளு. கவுகாத்திக்கு ரயில்ல போகவே ரெண்டு நாள் ஆயிடும், போக வர நாலு நாள் ரயிலுலயே கழிஞ்சா மீதி நாலு நாள்ல இன்னாத்த பாக்கறது. மூணு மணி நேரத்துல கொண்டு போய் எறக்கி வுட்டான்டா, அந்த ரெண்டு நாள் எனக்கு மலைல கெடச்சுது. பாயிண்ட்டு மிச்சம் புடிச்சு குடுத்தது துட்டுனு சொல்றத வுட, லீவுன்னுதான் சொல்லணும். மத்தபடி எல்லாம் நம்ம பழைய ஸ்டைல்தான், ஒரே பேக்கு, ஷேர் சூமோ, டார்மிட்டரி. கவுகாத்திலேந்து ஷில்லாங் நூறு கிலோமீட்டர், சூமோல நெருக்கி அடிச்சு உக்கார வைப்பான், அங்கேந்து இன்னொரு சூமோ சோஹ்ராவுக்கு, அதான்டா நாம புக்குல சிரபுஞ்சின்னு படிச்சோமே அந்த ஊரு.

அங்க நோங்ரியாட்னு ஒரு கிராமம், ரோடே கெடையாது. டிர்னாங்குற ஊர் வரைக்கும் வண்டி, அப்புறம் மூவாயிரத்துக்கு மேல படி எறங்கணும். எறங்குறது சுளுவு, ஏறி வர்றப்ப முட்டி கழண்டு கைல வந்துரும்போல ஆச்சு. கீழ ஆத்து மேல ரப்பர் ஆல மரத்தோட உயிரு வேர இழுத்து பின்னி பாலமா வளத்து வச்சிருக்கானுங்க, ஒன்னு மேல ஒன்னா ரெண்டு மாடி. ஒரு பாலம் ஆள் நடக்குற அளவுக்கு கெட்டியாக பத்து இருபது வருஷம் ஆகுமாம், அப்போ நட்டவன் தனக்கா நட்டான். நான் தங்குன வீட்டு அம்மா கதவு தொறந்ததும் வெத்தலையும் பாக்கும் குடுத்தாங்க, க்வாய்னு சொல்றாங்க, நம்ம ஊருல விருந்தாளிக்கு தாம்பூலம் குடுப்பாங்கள்ல அதே கணக்கு. நம்மூரு பாக்குனு நெனச்சு முழுசா வாயில போட்டுட்டேன்டா, அது ஊறப்போட்ட பச்சப் பாக்கு. ரெண்டு நிமிஷத்துல காது சூடாகி நெத்தி வேர்த்து தல கிறுகிறுன்னு வந்து அப்படியே திண்ணைல உக்காந்துட்டேன், அந்தம்மா சிரிக்குது அது பேரன் சிரிக்குது. உன்ன நெனச்சேன், நீ இருந்திருந்தா வீடியோ எடுத்து க்ரூப்ல போட்டு மானத்த வாங்கியிருப்ப.

இப்ப என் முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா என் பொண்டாட்டி சொல்லிடுவா. போன மார்ச்ல, வருஷத்துக்கு 4 லட்சம் தாண்டுனா 3,000 பாயிண்ட் போனஸுனு மெசேஜ் வந்துச்சு, பாத்தா எட்டாயிரம்தான் கம்மி. உடனே ராத்திரி பதினொரு மணிக்கு 8,200 ரூபாய்க்கு ஒரு ஏர் ஃப்ரையர் ஆர்டர் பண்ணேன். அந்த 3,000 பாயிண்ட்டோட மதிப்பு 1,500 ரூபா. ஏர் ஃப்ரையர் இப்ப பரண் மேல இருக்கு, ஒரே ஒரு தடவ அதுல வாழக்கா வறுத்தோம், அப்பா ஒரு வாய் சாப்ட்டு இது வறுவலா வத்தலான்னு கேட்டாரு, அதோட சரி. பாயிண்ட்டுக்காக ஒரு ரூபா எக்ஸ்ட்ரா செலவு பண்ணாலும் அன்னிக்கே நீ தோத்துட்ட மச்சி.

இன்னொன்னு அத வுட மோசம். ஒரு மாசம் சம்பளம் லேட்டு, கார்டு பில்லுக்கு அக்கவுண்ட்லேந்து தானா துட்டு எடுக்குற ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆயிடுச்சு, நான் கவனிக்கல. மாசம் மூன்றர சதவீதம் வட்டி, வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, லேட் ஃபீ தனி, ரெண்டாயிரத்துக்கு மேல போச்சு, அதாவது ஒரு வருஷ பாயிண்ட்டுல பாதிக்கு மேல ஒரே மாசத்துல காலி. அதுவும் வட்டி டியூ டேட்லேந்து இல்ல, பொருள் வாங்குன தேதிலேந்தே போடுவான். பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பாலு தயிருக்கு கூட அன்னிலேந்தே வட்டி ஓடும். நம்ம ஏரியா தண்டல்காரனாவது வாசல்ல வந்து நின்னு மூஞ்சிய காட்டுவான், இது சத்தமே இல்லாம எஸ்எம்எஸ்ல வருது.

அப்புறம் எல்லா செலவுக்கும் பாயிண்ட் வராது. பெட்ரோல், வாடகை, வாலட்ல துட்டு ஏத்துறது, இதுக்கெல்லாம் நெறய கார்டுல ஒன்னும் கெடையாது. 2022லேந்து ரூபே கிரெடிட் கார்ட யூபிஐல சேத்துக்கலாம்னு வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் சில்லற செலவுக்கும் பாயிண்ட் வருது, நான் அந்த மாதிரி ஒன்னு வாங்கி காசிமேட்டுக்கு போயி பந்தா பண்ணேன் பாரு. எப்பவும் வாங்குற அக்காகிட்ட ஒரு கிலோ சங்கரா, அர கிலோ கானாங்கெளுத்தி வாங்கி, ஈரத்துல ஓரமெல்லாம் பிஞ்சு போன ஸ்டிக்கர ஸ்கேன் பண்றேன் போகல, திரும்ப பண்றேன் போகல. அது கடை கியூஆர் இல்லடா, அக்கா பையனோட சொந்த அக்கவுண்ட்டு, ஆளுக்கு ஆள் அனுப்புறதுக்கு கிரெடிட் கார்டு வேலை செய்யாது, வியாபாரி கணக்கா பதிஞ்சிருந்தாதான் போகும். பின்னாடி நாலு பேரு கூடையோட நிக்கிறாங்க, அக்கா கைல கத்திய வச்சினு "துட்டு இருந்தா குடு கண்ணு, இல்லன்னா நாளைக்கு குடு, சும்மா போன காட்டினு நிக்காத"ன்னுட்டாங்க. கம்முனு சாதா அக்கவுண்ட்லேந்து அனுப்பிட்டு வந்தேன்.

ஏர்போர்ட்ல உக்காந்து சாப்புடற லாஞ்ச் கதையும் கேட்டல்ல. கார்ட ரெண்டு ரூபாய்க்கு தேச்சா உள்ள போயி வயிறு முட்ட நாஸ்தா பண்ணலாம்னு ஒரு காலத்துல இருந்துச்சு, இப்ப நெறய பேங்க்ல முன்னாடி மூணு மாசத்துல இவ்ளோ செலவு பண்ணியிருந்தாதான் உள்ளயே வுடறான். எனக்கு கெடச்சுது, போனா வெண்பொங்கல் வாங்க இருபது பேரு கியூல நிக்கிறான், ரேஷன் கடை தேவல. ஒரு தயிர்சாதத்த வாங்கி நின்னுகினே துன்னுட்டு வந்தேன். வெளிநாட்டுக்கு போனா இன்னும் உஷாரா இருக்கணும், சாதா கார்ட அங்க தேச்சா மூன்றர சதவீதம் வரைக்கும் மார்க்கப்புனு கமிஷனும் அதுக்கு ஜிஎஸ்டியும் போடுவான், அதுல வர்ற பாயிண்ட்டு ஒரு சதவீதத்துக்கு மேல தேறாது.

இந்த பைத்தியத்துல நான்லாம் சின்ன பையன்டா. அமெரிக்காவுல கலிஃபோர்னியால ஒரு இன்ஜினியர், 1999ல ஒரு சாப்பாட்டு கம்பெனி பாக்கெட்ல இருக்குற பார்கோடு அனுப்புனா விமான மைல்ஸ் தரோம்னு சொல்ல, இந்தாளு கடை கடையா சுத்தி இருக்குறதுலயே விலை கம்மியான புட்டிங்க 12,150 கப்பு வாங்கிட்டான். மூவாயிரத்து சொச்சம் டாலர் செலவு, பன்னெண்டர லட்சம் மைல்ஸ். லேபிள் கிழிக்க ஆள் வேணுமேன்னு புட்டிங்க ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு குடுத்து அவங்களயே பார்கோட கிழிச்சு தர சொல்லிட்டான், அந்த தானத்துக்கு வருமான வரில கழிவு வேற. இப்ப பேங்க்காரனுங்க உஷாராயிட்டானுங்க, அடிக்கடி ரூல மாத்தி பாயிண்ட்டோட மதிப்ப எறக்குறானுங்க, அதனால சேத்து வச்சு அழகு பாக்காத, வந்தா உடனே செலவு பண்ணிடணும்.

இப்ப நீ கேட்ட கேள்வி, "நானும் இந்த மாதிரி பாயிண்ட்டு கார்டு இன்னொன்னு வாங்கவா". வேணான்டா. கோச்சுக்காத. போன தீபாவளிக்கு வந்தப்ப இருக்குற கார்டுக்கே மினிமம் டியூ, அதான் பில்லுல கட்டியே ஆகவேண்டிய கொறஞ்ச தொகை, அத மட்டும் கட்டினு வர்றேன்னு நீயேதான் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்ட்டுகினே சொன்ன. அந்த பாக்கி நிக்கிற வரைக்கும் உனக்கு எந்த பாயிண்ட்டும் லாபம் இல்ல, வருஷத்துக்கு நாப்பது சதவீதத்துக்கு மேல வட்டி கட்டினு ஒரு சதவீதம் பாயிண்ட்டுக்கு ஆசைப்படறது ஓட்ட பக்கெட்ல தண்ணி புடிக்கிறது. மொதல்ல அத அடை, வீட்ல தங்கச்சிகிட்ட மறைக்காம சொல்லிட்டு அடை.

அதுக்காக ஊர் சுத்தாம இருக்க முடியுமா. ரயில்வேல சர்க்குலர் டிக்கெட்டுனு ஒன்னு இருக்கு தெரியுமா, ஆரம்பிக்கிற ஸ்டேஷன்லயே வந்து முடியணும், நடுவுல எட்டு எடத்துல எறங்கி ஏறலாம். தூரம் கூட கூட கிலோமீட்டர் ரேட்டு கம்மியாவும், அதனால தனித்தனியா டிக்கெட் எடுக்குறத வுட மலிவு, ஸ்லீப்பருக்கும் உண்டு. ஆன்லைன்ல கெடைக்காது, ரூட்ட எழுதி டிவிஷன் ஆபீஸ்ல குடுக்கணும், கொஞ்சம் அலைய வுடுவாங்க, அத நான் பாத்துக்கறேன். ராத்திரி தங்க ஸ்டேஷன்லயே டார்மிட்டரி, டிக்கெட் கன்ஃபர்மா இருந்தா புக் பண்ணிக்கலாம். 1856ல தென்னிந்தியாவோட மொத பாசஞ்சர் ரயிலே நம்ம ராயபுரத்துலேந்துதான் கெளம்புச்சு, அந்த ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து ப்ளஸ் டூ முடிச்சதும் ஹம்பி போலாம்னு ப்ளான் போட்டோம், இருபது வருஷமாச்சு இன்னும் போகல. ஹம்பிக்கு ஹோஸ்பேட்ல எறங்கணும், அங்கேந்து பாதாமி, பிஜாப்பூர், ஒரு ரவுண்டு அடிச்சு சென்ட்ரல்ல வந்து எறங்கலாம். என்கிட்ட ஏழாயிரத்து சொச்சம் பாயிண்ட்டு மிச்சம் இருக்கு, அதுல ரயில் டிக்கெட் போடற வழி என் கார்டுல இல்ல, எவனாவது சாப்பாட்டு வவுச்சர் குடுத்தா மாத்தி வச்சுக்கறேன், வழில பிரியாணி அதுல.

ஜனவரில பொங்கல் கழிச்சு உனக்கு எந்த தேதி லீவு கெடைக்கும்னு சீக்கிரம் சொல்லு, இப்பல்லாம் 60 நாள் முன்னாடிதான் ரிசர்வேஷன் தொறக்குறான், மொத நாளே போட்டாதான் லோயர் பெர்த்து, உன் காலுக்கு அப்பர்ல படுத்தா வெளிய நீட்டிக்கும்.

அப்புறம் உன் பச்ச பேக்கு என்கிட்டதான் இருக்கு, நீ தொலைஞ்சு போச்சுனு நெனச்சல்ல. ஜிப்பு போயிருந்துச்சு, தேரடி பக்கம் ஒரு டைலர்கிட்ட குடுத்து மாத்தி வச்சிருக்கேன், மேகாலயாவுக்கும் அதான் வந்துச்சு. ஜிப்புக்கு 80 ரூபா, நீதான் தரணும், யூபிஐ பண்ணிவுடு. கிரெடிட் கார்டுலேந்து அனுப்ப பாக்காத, போகாது, சொல்லிட்டேன்.

இப்படிக்கு
உன் காலாடிப்பேட்டைக்காரன்