உப்புத்தண்ணிப் பஞ்சாயத்து

டேய் சேகர்,

ரெண்டு மெயிலுக்கும் பதில் போடலைன்னு திட்டியிருந்தே, வாங்கிக்கிட்டேன். வீட்ல எல்லாரும் சுகம். வேலு இன்னும் அதே ஸ்கூட்டர்தான். விஷயத்துக்கு வர்றேன்.

மழை ஆரம்பிச்சதும் வார்டு முழுக்க பிராங்கியோலைடிஸ், அதான் கைக்குழந்தைங்களுக்கு வைரஸால சின்ன மூச்சுக்குழாய் வீங்கிச் சளி அடைச்சுக்கிற நோவு. நேத்து ராத்திரி மூணு மாசக் கைக்குழந்தை ஒண்ணு வந்துச்சு. விலா இடுக்கெல்லாம் குழி விழுது, மூக்கு விடைக்குது, ரெண்டு வாய் பால் குடிச்சதும் மூச்சு வாங்குது. ஆக்சிஜன் வெச்சு, மூக்குச் சளியை எடுத்து, டியூப் வழியா பால் குடுத்தோம். பாட்டிக்கு அது போதலை: "நெபுலைசர் வெக்க மாட்டீங்களா? பெரிய ஆஸ்பத்திரின்னு வந்தோமே!" திரும்பிப் பாக்குறேன், நம்ம பி.ஜி. பையன் 3% சலைன், அதான் புகையாக்கிக் குடுக்கிற அடர்த்தி உப்புத்தண்ணி, எழுதிட்டு நிக்கிறான்.

உங்க இங்கிலாந்துல சிகிச்சை வழிமுறை எழுதுற நைஸ் அமைப்பு 2015லயே இதைக் கொடுக்காதேன்னுடுச்சு. அமெரிக்காக்காரன் 2014ல அவசரப் பிரிவுல வேண்டாம், அட்மிட் ஆன குழந்தைக்கு வேணா கொடுக்கலாம்னு மதில்மேல் பூனையா நின்னுட்டான். 2003ல இஸ்ரேல்ல அந்த 52 குழந்தைங்க ஆய்வுல நாலு நாள் ஆஸ்பத்திரித் தங்கல் மூணாச்சுன்னதும் நாம குதிச்சது ஞாபகம் இருக்கா? எல்லா ஆய்வையும் ஒண்ணா சேத்து எடை போடுற காக்ரேன் அலசல், 2023ல வந்ததைப் பாரு: 34 ஆய்வு, 5,205 குழந்தைங்க. மிச்சமாறது 0.4 நாள், அதாவது பத்து மணி நேரம். அதுக்கும் ஆதாரம் பலவீனம்னு அவங்களே எழுதியிருக்காங்க.

கணக்கு தப்புன்னு சொல்லலை. உப்பு தண்ணியை இழுக்கும், சளி இளகும், வீக்கம் வடியும், எல்லாம் சரி. ஆனா பல ஆய்வுல ஒப்பிட வெச்ச குழந்தைங்களுக்கும் சாதாரண 0.9% உப்புத்தண்ணிப் புகைதான். சும்மா விட்ட குழந்தையோட ஒப்பிட்டது கம்மி. அதனால ஒரே அடியா பிரயோஜனமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன், நீ சிரிச்சாலும் சரி. எனக்கு எரிச்சல் வேற இடத்துல. புகை வெச்சாச்சுன்னு சார்ட்டுல எழுதினதும், எவ்வளவு பால் இறங்குச்சு, எத்தனை தடவை மூத்திரம் போச்சுன்னு பாக்க ஆள் இல்லாம போகுது. இதுல மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்தை வேற அந்தப் பி.ஜி. பையன் சேத்துக் குடுக்கிறான். திட்டினா, "பாட்டி கேட்டாங்க சார்"ங்கிறான்!

பாட்டியைக் குத்தம் சொல்லி என்ன? பேரனுக்கு மூச்சு இளைக்கிறப்போ காத்திருன்னா யாருக்குத்தான் மனசு கேக்கும்? பக்கத்துல உக்காந்து, நோவு ஆரம்பிச்சு மூணுலேர்ந்து அஞ்சு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போய்தான் இறங்கும்னு சொன்னேன். பாதிதான் நம்பினாங்க.

பெரும்பாலும் இந்த நோவுக்குக் காரணமான ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு அந்த ஒரே டோஸ் ஆன்டிபாடி ஊசி அங்கே எப்படிப் போகுது? விலையையும் எழுது. அப்புறம், உங்க வார்டுல பாட்டிங்க கேட்டா என்னடா பதில் சொல்றே?

உன்,
முத்து