இறால் ஹராமா? ஓடு ஒரு கேள்வியே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ‘முஸ்லிம்கள் இறால், நண்டு சாப்பிடலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, ‘ஓடுள்ள கடல் உயிரினங்கள் இஸ்லாத்தில் தடை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இதைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். அப்படியே மலையாளக் கரைக்குப் போனால் தலச்சேரி, கண்ணூர் மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீடுகளில் கல்லுமக்காய் என்கிற கடல் சிப்பியை ஓட்டோடு அரிசி மாவு அடைத்து அவித்துப் பொரித்து நோன்பு திறக்கவே வைக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் ஹராமைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றா சொல்கிறீர்கள்?

பதில் எழுதியவர் யூதர்களின் சட்டத்தோடு குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் கூடாது என்பது அங்கேதான். குர்ஆனில் அப்படி ஒரு தடை இல்லை. ‘கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டுள்ளது’ என்றுதான் அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் சொல்கிறது. கடல் பயணத்தில் குடிநீர் குறைவாக இருக்கிறது, கடல் தண்ணீரில் ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, அதன் தண்ணீர் சுத்தமானது, அதில் செத்ததும் ஹலால் என்று கேட்டதற்கு மேலேயே பதில் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அப்புறம் ஏன் சண்டை என்றால், மத்ஹபுக்கு மத்ஹப், அதாவது சட்டப் பிரிவுக்குச் சட்டப் பிரிவு, அளவுகோல் வேறு. மாலிக்கி மத்ஹபில் கடலில் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே ஆகும். ஹனஃபியில் மீன் மட்டும்தான். ஷியாக்களின் ஜஃபரி சட்டத்தில் செதில் உள்ள மீன், அதோடு இறால். நண்டும் சிப்பியும் கிடையாது. ஓடு என்பது இதில் எங்கேயும் கணக்கிலேயே இல்லை, பாருங்கள். கணவாய்க்கு வெளியே ஓடே கிடையாது, ஆனால் அது மீன் இல்லை என்பதால் ஹனஃபியில் ஆகாது. இறாலுக்கு ஓடு உண்டு, அதைக் கூடும் என்று சொன்ன ஹனஃபி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) நிறையப் பேர்.

அந்த இறால் விவகாரம்தான் 2018 ஜனவரியில் பெரிதாக ஓடியது. ஹைதராபாத்தில் உள்ள ஜாமிஆ நிஜாமிய்யா மார்க்கக் கல்லூரியிலிருந்து, இறால் மீன் வகை அல்ல, கணுக்காலி, ஆகவே மக்ரூஹ் தஹ்ரீமி, அதாவது ஹராமுக்குப் பக்கத்தில் இருப்பது, தவிர்க்க வேண்டும் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வந்தது. ஆனால் அதே ஹனஃபி மத்ஹபின் அறிஞர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி முன்பே கூடும் என்று எழுதியிருக்கிறார். விலங்குகளைப் பற்றி எழுதிய எகிப்து அறிஞர் தமீரி இறாலை மீன் கணக்கில் சேர்த்திருப்பதுதான் தானவிக்கு ஆதாரம். உயிரியல்படி பார்த்தால் ஹைதராபாத் சொன்னது சரி, இறால் மீன் இல்லைதான். ஆனால் சட்டம் இறங்கிய காலத்தில் உயிரியல் வகைப்பாடு ஏது? மக்கள் எதை மீன் என்று வாங்கித் தின்றார்களோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்கிற தரப்பு எனக்கு வலுவாகப் படுகிறது. நான் ஷாஃபி என்கிற இன்னொரு மத்ஹப் வீட்டுப் பெண், ருசி பேசுகிறது என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை.

சரி, ஷாஃபிக்காரர்களுக்கு எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குத் தலைவலி நண்டுதான். தண்ணீரிலும் தரையிலும் வாழ்வது கூடாது என்று சொல்லி எங்கள் மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவி ‘மின்ஹாஜ்’ நூலில் தவளையோடும் பாம்போடும் நண்டையும் சேர்த்துவிட்டார். அதே நவவி ‘மஜ்மூஃ’ நூலில், தவளை தவிர கடலில் இருப்பதெல்லாம் ஆகும் என்பதே சரியான கருத்து என்கிறார். எங்கள் தெருவிலேயே நண்டு சமைக்கும் வீடும் உண்டு, சட்டியில் ஏற்றாத வீடும் உண்டு, இரண்டு பேரும் ஷாஃபிதான். இந்தோனேசியாவில் பெரும்பாலோர் ஷாஃபி என்பதால் அங்கேயும் இதே பிரச்சினை வந்தது. அந்த நாட்டு உலமா சபை என்ன செய்தது தெரியுமா, மீன்வள அறிஞரிடம் விளக்கம் கேட்டது. சேற்று நண்டு செவுளால் மூச்சு விடுகிறது, தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, ஆகவே அது நீர்வாழ் உயிர்தான், உடம்புக்குக் கெடுதல் இல்லாதவரை ஹலால் என்று 2002 ஜூனில் ஃபத்வா கொடுத்தார்கள். அதில் நாலு இனங்களைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றான ‘சில்லா டிராங்குபாரிகா’ நம் தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கிற நண்டு!

உயிரியலைக் கேட்டு ஹைதராபாத்தில் இறாலை விலக்கினார்கள், உயிரியலைக் கேட்டு ஜகார்த்தாவில் நண்டைச் சேர்த்தார்கள். இதில் யாரையும் குறை சொல்லவில்லை. முதலில் வைத்த அளவுகோல் வேறு, பதிலும் வேறாக வந்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது வெறும் ஏட்டு விஷயமும் இல்லை. கடற்கரை மரைக்காயர் ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபி, கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் ராவுத்தர்களும் உருது பேசுபவர்களும் பெரும்பாலும் ஹனஃபி. இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்தால் விருந்துச் சாப்பாட்டில் கணவாய் வைப்பதா வேண்டாமா என்று பேச்சு வரத்தான் செய்யும். உங்கள் பதிலை நம்பி முஸ்லிம் நண்பரை விருந்துக்குக் கூப்பிடும் ஒருவர் இறாலைத் தவிர்த்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ‘உங்க மதத்துல இது கூடாதே’ என்று அவருக்கே பாடம் எடுத்தால்? எது ஆகும் என்று அவரிடமே கேட்டுவிடுவது சுலபம். கடல் உணவுக்கு அறுப்பு முறை தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சமைக்கும்போது மதுவோ பன்றிக் கொழுப்போ சேராமல் இருந்தால் போதும்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். போடும்போது எந்த மத்ஹப் என்ன சொல்கிறது என்று பிரித்துப் போடுங்கள், இடம் இல்லை என்றால் அந்தச் சமையல் பக்கத்தில் ஒரு படத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காயல்பட்டினம்