பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகரும் எழுத்தாளருமான ரோனி பார்க்கரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதத் தொடங்கிய என் வேலை, இடையில் இரண்டு முறை கிடப்பில் கிடந்து, ஒருவழியாக முடிந்து அச்சுக்குப் போயிருக்கிறது. நூலின் முதற்பக்கத்தில் உங்கள் பெயர்களைக் குறிப்பிட ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்டேன். நால்வர் உடனே மறுத்துவிட்டீர்கள். ஐந்தாமவர் மட்டும், “போடுவதானால் தலைப்பெழுத்தைப் பிழையில்லாமல் போடுங்கள்” என்று சொல்லி என்னை மகிழவைத்து, மறுநாளே வேண்டாம் என்று செய்தி அனுப்பினீர்கள். ஆகவே பெயரில்லாமலேயே, ஆனால் யாருக்கு எதற்காக என்பது அவரவர்க்குப் புரியும்படியாக, இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இங்கிலாந்தில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய பெரியவருக்கு. ஐயா, அந்நாளில் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த ஒளிநாடாக்களைப் பழைய துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தபோது, ஒவ்வோர் உறையின் மேலும் தாங்கள் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகளைப் பார்த்தேன். “இதில் பார்க்கர் குறைவு, கார்பெட் அதிகம்” என்று ஓர் உறையில் இருந்தது. 1971 முதல் 1987 வரை பார்க்கரும் ரோனி கார்பெட்டும் சேர்ந்து நடத்திய ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியில், கார்பெட் ஒரு பெரிய நாற்காலியில் அமர்ந்து தாமாகவே பார்வையாளரிடம் பேசுவார். பார்க்கரோ, ஒரு வேடத்துக்குள் ஒளிந்துகொண்டால் ஒழிய வாயைத் திறக்க மாட்டார். அந்த வேறுபாட்டை எனக்கு முதலில் காட்டியது தங்கள் பென்சில் எழுத்துதான். தொப்பியோ மீசையோ இல்லாமல், ரோனி பார்க்கராகவே மேடையில் நிற்க அந்த மனிதருக்குக் கூச்சம். இதைப் பிடித்துக்கொண்ட பிறகே நூலின் மற்றப் பகுதிகள் எனக்கு வசப்பட்டன.

நாடகக் குழுவில் நடித்த நண்பரே, பார்க்கரின் தொடக்க நாட்களை நான் இரண்டு பத்திகளில் ஓட்டிவிட்டிருந்ததைக் கண்டு நீங்கள் கடிந்துகொண்டது நியாயம். 1929இல் பெட்ஃபோர்டில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்து, கட்டடக்கலைப் படிப்பை விட்டு, வங்கியில் எழுத்தராக இருந்தவர், 1948இல் ஆயில்ஸ்பரியில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார் என்று நான் எழுதியிருந்தேன். “அங்கே ஒரு நாடகம் மேடையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும்; அந்த ஓட்டத்தில்தான் ஒருவன் நூறு குரல்களைக் கற்றுக்கொள்வான், அதை எழுதாமல் என்ன வாழ்க்கை வரலாறு?” என்று கேட்டீர்கள். அந்த அதிகாரம் இப்போது பதினெட்டுப் பக்கம். 1955இல் அவரை லண்டன் மேடைக்கு அழைத்துக்கொண்ட இயக்குநர் பீட்டர் ஹாலுக்கும் அதில் உரிய இடம் கிடைத்திருக்கிறது.

அடுத்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையான அம்மையாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியில் 1976இல் ஒளிபரப்பான இரும்புக்கடைக் காட்சியைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எப்படி என்று தெரியாமல் நான் மூன்று வாரம் திண்டாடினேன். வாடிக்கையாளராக வரும் பார்க்கர் எதையோ கேட்கிறார். கடைக்காரரான கார்பெட் ‘ஃபோர் கேண்டில்ஸ்’ என்று எண்ணி நான்கு மெழுகுவத்திகளை எடுத்து வைக்கிறார். அவர் கேட்டதோ ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, அதாவது தோட்டத்தில் மண் கிளறும் முள்வாரிக்கான பிடிகள். நீங்கள் என் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “படிக்காதே, சொல்லிப் பார்” என்றீர்கள். லண்டன் உழைப்பாளிகள் சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹகரத்தை விழுங்கிவிடுவார்கள். அதை விழுங்கியவுடன், முன்சொல்லின் இறுதியில் நிற்கும் மெய்யின்மேல் பின்சொல்லின் உயிர் வந்து ஏறிக்கொள்கிறது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து மறந்துபோன புணர்ச்சி விதிதான் அங்கே ஒரு நாட்டையே சிரிக்க வைத்திருக்கிறது! அதோடு விடாமல், பத்துப்பாத்திரம் துலக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டவருக்கு, ஒன்று இரண்டு என எண்ணிப் பத்துப் பாத்திரங்களை எடுத்து அடுக்கும் கடைக்காரரை நீங்களே நடித்துக் காட்டினீர்கள். அதை அப்படியே அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டேன். இந்தக் களவை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காட்சியை எழுதியவர் என்று நிகழ்ச்சியில் அறியப்பட்ட பெயர் ஜெரால்ட் வைலி. அந்த வைலி பார்க்கரேதான். ‘தி டூ ரோனீஸ்’ தொடங்கும் முன்பே, 1968இல், தாம் அப்போது நடித்துக்கொண்டிருந்த வேறொரு நிகழ்ச்சிக்கே அப்பெயரில் தம் முகவர் வழியாக எழுத்துப்படிகளை அனுப்பத் தொடங்கினார். நட்சத்திர நடிகர் எழுதியது என்பதற்காக யாரும் முகத்தாட்சண்யத்தில் ஏற்றுக்கொள்ளக் கூடாது, எழுத்து நன்றாக இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சந்தேகம் வராமலிருக்க, வைலியின் எழுத்தைத் தாமே சில வேளைகளில் குறை சொல்லவும் செய்தார். யார் இந்த வைலி என்று ஊகங்கள் பெருகி, நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்கலாம் என்று கூடப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் வைலியின் பெயரில் குழுவினர் அனைவரும் ஒரு சீன உணவகத்துக்கு விருந்துக்கு அழைக்கப்பட்டனர். எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, மேசையிலிருந்து எழுந்து “நான்தான்” என்றார் பார்க்கர். முதலில் ஒருவரும் நம்பவில்லையாம். இந்த நிகழ்ச்சியை நான் நூலின் நடுவில் புதைத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கி முதல் அதிகாரத்தில் வைக்கச் சொன்னவர் மெய்ப்புத் திருத்திய தோழர்.

தோழரே, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் இதோடு முடியவில்லை. சிறைச்சாலையைக் களமாகக் கொண்ட ‘பாரிட்ஜ்’ தொடரைப் பார்க்கரே எழுதினார் என்று மிகுந்த உறுதியோடு, அதுவும் இரண்டு இடங்களில், எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் நீங்கள் போட்ட கேள்விக்குறி இல்லாவிட்டால் அது அப்படியே அச்சேறியிருக்கும். 1974 முதல் 1977 வரை வந்த அத்தொடரை எழுதியவர்கள் டிக் கிளெமென்டும் இயன் லா ஃபிரனேயும். பார்க்கர் அதில் ஃப்ளெட்சர் என்ற கைதியாக நடித்தார். தம் எழுத்துக்குப் பெயர் போட்டுக்கொள்ளத் தயங்கியவருக்கு, பிறர் எழுத்தை நான் எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். அவர் பார்த்திருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

பேச்சுப் பயிற்சி மருத்துவராகப் பணிபுரியும் சகோதரிக்குச் சொல்லும் நன்றி சற்றுத் தயக்கத்தோடு வருகிறது. ‘ஓபன் ஆல் அவர்ஸ்’ தொடரில் ஆர்க்ரைட் என்ற கஞ்சக் கடைக்காரராகப் பார்க்கர் திக்கித் திக்கிப் பேசியதை நான் வானளாவப் புகழ்ந்திருந்தேன். உங்களிடம் வரும் சிறுவர்கள் பள்ளியில் எப்படிக் கேலிக்கு ஆளாகிறார்கள் என்பதை நீங்கள் விவரித்த பின், அந்தப் பக்கத்தை முழுவதும் மாற்றினேன். அந்தக் கடையில் எப்போதும் வெல்பவர் திக்கிப் பேசும் ஆர்க்ரைட்தான் என்ற என் கருத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் உங்கள் கருத்தும் அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில் நிற்கிறது. இருவரும் உடன்படாமலே நட்பாக இருக்கிறோம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

புகழின் உச்சியில், 1987இன் முடிவில், பார்க்கர் நடிப்பிலிருந்து ஓய்வு பெற்று சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் பழம்பொருள் கடை வைத்தார். பின்னர் சில முறை மட்டுமே திரும்பி வந்து நடித்தார். 2005 அக்டோபர் 3ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில், சிலுவையோடு வழக்கமாக எடுத்துச் செல்லும் இரண்டு மெழுகுவத்திகளுக்குப் பதிலாக நான்கு மெழுகுவத்திகளை ஏந்தி வந்தார்கள். இதை எனக்குச் சொன்னவரும் ஒளிநாடாப் பெரியவரே. சொல்லும்போது சிரிக்கத் தொடங்கி, சொல்லி முடிக்க முடியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள், ஐயா.

ஒளிநாடாக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் நாடா சிக்கி இரண்டு விரற்கடை அளவு மடிந்துவிட்டது. உறையின் மேல், தங்கள் பென்சில் எழுத்துக்குக் கீழே, அதையும் குறித்து வைத்திருக்கிறேன். நூலின் முதற்படியோடு துணிப்பையை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் அன்பிற்குரிய நூலாசிரியன்