டே நதிக்கரையில் இன்னொரு கல் வேண்டும்

மதிப்பிற்குரிய டண்டீ மாநகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்காட்லாந்தில் உள்ள உங்கள் ஊரில் ஒன்றரை வருடம் தங்கிப் படித்தவன். சொந்த ஊர் தமிழ்நாட்டில் ஈரோட்டுப் பக்கம் சென்னிமலை. இந்த மடலின் ஆங்கிலப் படியைத் தனியாக உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், எங்கள் ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

விஷயம் உங்கள் ஊர்க் கவிஞர் வில்லியம் மெக்கோனகல் பற்றியது.

நான் வந்த முதல் குளிர்காலத்தில், டே ஆற்றங்கரைச் சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, நடைபாதையில் பொறித்திருந்த வரிகளைப் பார்த்தேன். வெள்ளிபோல் மின்னும் டே நதியின் அழகிய ரயில் பாலமே என்று தொடங்கும் பாட்டு. கூட வந்த உள்ளூர் நண்பன் அதை நாடகப் பாணியில் உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தான். "உலகத்திலேயே மோசமான கவிஞர் எங்கள் ஊர்க்காரர்தான்" என்றான். அதில் ஒரு பெருமையும் இருந்தது. நானும் சிரித்தேன். அப்புறம் ஆற்றைப் பார்த்தேன். இப்போதுள்ள பாலத்தை ஒட்டியே, தண்ணீருக்கு மேல் கொஞ்சமாகத் தலைகாட்டிக்கொண்டு, வரிசையாக அடித்தூண்கள் நின்றன. "அது என்ன?" என்று கேட்டேன். "விழுந்த பாலம்" என்றான். அந்தப் பாட்டு அந்தப் பாலத்தைப் பற்றியது. அன்றைக்கு ராத்திரி அறைக்குப் போய் மெக்கோனகலைப் படிக்க ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் ஆட்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரிஷ் பெற்றோருக்கு 1825 வாக்கில் பிறந்தவர். அப்பா கைத்தறி நெசவாளர். மகனும் தறியில்தான் உட்கார்ந்தார். அதிகம் படிக்கவில்லை. ஆனால் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் என்றால் உயிர். டண்டீயில் ஒரு சிறு அரங்கில், தானே பணம் கட்டி மேக்பெத் வேடம் போட்டார். கடைசிக் காட்சியில் எதிராளி மேக்டஃப் வெட்டியும் சாக மறுத்துச் சண்டையை நீட்டிக்கொண்டே போனாராம். 1877 ஜூன் மாதம், 'எழுது, எழுது' என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விசைத்தறியும் சணல் ஆலைகளும் வந்து கைத்தறிக்காரரின் பிழைப்பைத் தின்றுவிட்டிருந்த காலம். அதிலிருந்து சாகும்வரை சுமார் இருநூறு பாட்டுகள் எழுதினார். தனித்தனித் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்றார்.

பாட்டுகள் மோசம்தான். அதை நான் மறுக்க வரவில்லை. சீர் கிடையாது, அடிக்கு அளவு கிடையாது. ஒரு அடி நாலு சொல்லில் முடியும், அடுத்த அடி செய்தித்தாள் பத்தி மாதிரி ஓடும். கடைசிச் சொல் மட்டும் எப்பாடுபட்டாவது முந்தைய அடியின் கடைசிச் சொல்லோடு ஒலி சேர்ந்துவிட வேண்டும். நம் யாப்பில் இயைபு என்போமே, அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த இலக்கணம். அதற்காகத் தேதி, ஊர்ப்பெயர், பிணங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இழுத்து வந்து நிறுத்துவார். துக்கப் பாட்டில் சிரிப்பு வருவது அதனால்தான். படித்துச் சிரிப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் அந்தப் பாலத்தைப் பற்றி அவர் எழுதியவற்றை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள்.

பாலம் திறப்பதற்கு முன்பே முதல் பாட்டு வந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மைல் நீளம், அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பாலம். ஊரே கொண்டாடியது, அவரும் கொண்டாடினார். ஆனால் கொண்டாட்டத்துக்கு நடுவில், இரவும் பகலும் இதில் பயணம் செய்கிறவர்களைக் கடவுள் காக்க வேண்டும், கடக்கும்போது ஒரு விபத்தும் நேரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறார். 1878 ஜூன் 1 அன்று பாலம் திறந்தது. அடுத்த வருடம் மகாராணி விக்டோரியா அதில் ரயிலேறிக் கடந்தார். கட்டிய பொறியாளர் தாமஸ் பௌச்சுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு, புயலில் நடுப்பகுதியின் உயரமான 13 கண்களும் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தன. யாரும் பிழைக்கவில்லை. பெயர் தெரிந்து இறந்தவர்கள் மட்டும் 59 பேர்.

அதற்கு அவர் எழுதிய இரங்கல் பாட்டுதான் உலகப் புகழ் பெற்ற மோசமான கவிதை. தொண்ணூறு உயிர்கள் என்று அதில் எழுதினார். அந்தக் கணக்கு தப்பு. அந்தப் பாட்டின் முடிவை மேடையில் யாராவது படித்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தால் நடு உத்திரங்கள் சரிந்திருக்காது, விவரமான ஆட்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், வீட்டை எவ்வளவு பலமாகக் கட்டுகிறோமோ அவ்வளவுக்குச் சாவு குறையும் என்று முடிக்கிறார். உத்திரம், முட்டு என்று கொத்தனார் பேச்சு பேசுகிறாரே, இது கவிதையா என்று சிரிப்பு.

1880இல் அரசு விசாரணையின் அறிக்கையும் வந்தது. பாலம் பக்கவாட்டுக் காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்படவில்லை, வார்ப்பிரும்புத் தூண்களைக் குறுக்கே இழுத்துப் பிடித்த கட்டுக்கம்பிகளும் அவற்றின் பிடிப்புகளும் போதவில்லை என்று அது சொன்னது. வடிவமைப்பும் மோசம், கட்டுமானமும் மோசம், பராமரிப்பும் மோசம் என்று விசாரணைத் தலைவர் ஹென்றி ரோதரி எழுதினார். விசாரணையில் யார் யார் சாட்சி சொன்னார்கள் என்று பாருங்கள். ரயில் போகும்போது பாலம் ஆடியதைச் சொன்னவர்கள் அதற்குப் பெயிண்ட் அடித்த கூலிக்காரர்கள். வார்ப்பில் விழுந்த ஓட்டைகளை மெழுகும் இரும்புத்தூளும் குழைத்து அடைத்து மறைத்ததைச் சொன்னவர்கள் வார்ப்படத் தொழிலாளிகள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கியவரிடம் அதைக் கொண்டுசேர்க்க வழியில்லை.

'விவரமான ஆட்கள் பலர் சொல்கிறார்கள்' என்று மெக்கோனகல் எழுதியது, தறிக்காரர்களும் ஆலைக்காரர்களும் குடியிருந்த தெருக்களில் அடிபட்ட பேச்சைத்தான் என்று நான் நம்புகிறேன். பக்கவாட்டுத் தாங்கல் போதவில்லை என்ற விஷயத்தில் அந்தப் பேச்சு சரியாக இருந்தது. ஊரில் நல்ல கவிதை எழுதத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். உலகம் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கும்படி அதைப் பாட்டில் போட்டு வைத்தவர் இவர் ஒருவர்தான்.

சரி, அவரை ஊர் எப்படி நடத்தியது?

அவர் கவிதை படிக்க, கூட்டம் அவர் மேல் முட்டை, மாவு, மீன், உருளைக்கிழங்கு, காய்ந்த ரொட்டி என்று எறிய, அதற்கே ஒரு சர்க்கஸில் நிகழ்ச்சி நடந்தது. ஒரு இரவுக்குக் கூலி 15 ஷில்லிங். அவர் ஒத்துக்கொண்டுதானே போனார் என்பார்கள். தறி போய்விட்ட, வயதான, குடும்பஸ்தன் ஒருவனுக்கு 15 ஷில்லிங் என்றால் என்ன என்று, கூலிக்கு நெய்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கூச்சல் எல்லை மீறிப் போகவே, உங்கள் மன்றத்தின் முன்னோர்களான டண்டீ நீதிபதிகள் 1880களின் இறுதியில் தடை போட்டார்கள். எறிந்த கூட்டத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. மேடையில் நின்ற மனிதனின் கூலி போயிற்று. அதற்காக அவர் எழுதிய கண்டனப் பாட்டு, டண்டீ நகர மக்களைப் பார்த்து, நீதிபதிகள் என்னை எப்படி நடத்தினார்கள் தெரியுமா என்று கேட்டுத் தொடங்குகிறது. இது நகரத்தின் பெயருக்கே இழுக்கு என்கிறது. அதையும் படித்துச் சிரித்தார்கள். நான் அறிந்தவரை, மன்றத்திலிருந்து அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மானம் இல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். 1878 ஜூலையில், மகாராணி தன் பால்மோரல் அரண்மனையில் இருப்பார் என்று நம்பி, டண்டீயிலிருந்து சுமார் 60 மைல் மலைப்பாதையில் இடியிலும் மழையிலும் நனைந்துகொண்டு நடந்தே போனார். அரண்மனைச் செயலர் முன்பு அனுப்பியிருந்த மறுப்புக் கடிதத்தையே அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் காவலாளி, மகாராணியின் கவிஞர் டென்னிசன், நீ இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கே ஒரு பாட்டுச் சொல் பார்க்கலாம் என்றான். நான் தெருக்கூத்தாடி இல்லை, உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப்போய்ப் பணம் கொடுத்தால் சொல்கிறேன் என்று பதில் சொன்னதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு வந்த வழியே நடந்து ஊர் திரும்பினார்.

1894இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பர்மா மன்னர் திபா அவருக்கு 'வெள்ளை யானை வீரர்' என்று சர் பட்டம் அளித்திருப்பதாக. யாரோ படித்தவர்கள் விளையாட்டுக்கு எழுதியது. உண்மையான திபா மன்னரை 1885இலேயே வெள்ளைக்காரர்கள் சிம்மாசனத்திலிருந்து இறக்கி, முதலில் எங்கள் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். சாகும்வரை அங்கேதான் இருந்தார். நாட்டைப் பறிகொடுத்த ஒரு கைதியின் பெயரை வைத்து, பிழைப்பைப் பறிகொடுத்த ஒரு நெசவாளியைக் கேலி செய்திருக்கிறார்கள். மெக்கோனகல் அந்தப் பட்டத்தை நம்பினாரா, இல்லை தெரிந்தே சிரிப்போடு சேர்ந்துகொண்டாரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. எது எப்படியோ, அவர் அதைக் கடைசிவரை தன் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் குழித்தறியில் போர்வை நெய்தவர். காலால் மிதி மிதித்துக்கொண்டே வாயில் பாட்டுக் கட்டுவார். சொந்தக்காரர் கல்யாணம் எதுவானாலும் ஒரு வாழ்த்துமடல் அச்சடித்துக் கொண்டுபோவார். எதுகைக்காக மாப்பிள்ளையின் பெயரையே மாற்றிப் போட்டதுண்டு. ஒரு தடவை பக்கத்து ஊரில் ஒரு மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பத்து வயது, கூடப் போனேன். மேடையில் அவர் பாட்டுப் படிக்கப் படிக்க, முன்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். 'இன்னொன்று படிங்க, இன்னொன்று படிங்க' என்று மூன்று தடவை கேட்டார்கள். கடைசியில் கம்பனுக்குரிய 'கவிச்சக்கரவர்த்தி' பட்டத்தைக் கொடுத்து சால்வை போர்த்தி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது தாத்தா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். அதற்குப் பிறகு அச்சடித்த ஒவ்வொரு மடலிலும் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இருந்தது. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். இப்போது அவர் இல்லை.

எங்கள் ஊரில் அன்று சிரித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்கட்டும்.

மெக்கோனகல் கடைசியில் டண்டீயை விட்டுப் போய், எடின்பரோவில் 1902 செப்டம்பர் 29 அன்று கையில் காசில்லாமல் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. 1999இல்தான் ஒன்று வைத்தார்கள். அவர் தெருவில் விற்ற தாள்களில் 35 மட்டும் 2008இல் 6,600 பவுண்டுக்கு ஏலம் போயின.

என் கோரிக்கைக்கு வருகிறேன். அவர் பெயரில் நீங்கள் ஒரு சதுக்கம் வைத்திருக்கிறீர்கள், வரிகளைக் கல்லில் பொறித்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. 2013இல் விபத்தில் இறந்த 59 பேரின் பெயர்களையும் கல்லில் பொறித்து ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பெயர்களுக்கும் பாலத்தைப் புகழும் பாட்டுக்கும் நடுவில் இன்னொரு கல்லுக்கு இடம் இருக்கிறது. இரங்கல் பாட்டின் கடைசி வரிகளை, அந்த முட்டுக் கொடுக்கும் வரிகளை, எழுத்துக்கூட மாற்றாமல் அதில் பொறியுங்கள். அதற்குக் கீழே, இதை எழுதிய நெசவாளர் மேல் இந்த ஊரில் காசு வாங்கிக்கொண்டு பொருட்களை எறிய விட்டார்கள் என்பதையும், அதை நிறுத்தியபோது மன்றம் அவருடைய கூலியைப் பற்றி யோசிக்கவில்லை என்பதையும் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். அவருடைய கண்டனப் பாட்டுக்கு மன்றத்தின் பதிலாக அது இருக்கட்டும்.

இடம் மட்டும் நான் சொல்கிறேன். பழைய பாலத்தின் அடித்தூண்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், படிக்கிறவர் நிமிர்ந்தால் அவை எதிரில் இருக்கும்படி வையுங்கள். செலவுக்குப் பொதுமக்களிடம் கேட்டால், முதல் தொகை சென்னிமலையிலிருந்து வரும்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் பழைய மாணவன்,
ஒரு கைத்தறி நெசவாளியின் பேரன்