குடலில் தங்கிய துணுக்குகள்

அன்புள்ள மாறனுக்கு,

அறுவடை முடிந்து பழமே இல்லாத மாதங்களில் தோட்டத்துப் பூச்சிகள் எதைத் தின்று பிழைக்கின்றன என்று கேட்டு எழுதியிருந்தாய். ஓராண்டாக நானும் இதே கேள்வியோடுதான் இருக்கிறேன்.

ஒரு செடியின்மேல் பூச்சி உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து அது அந்தச் செடியைத் தின்றதென்று எழுதிவிட முடியாது. இளைப்பாறவோ இணை தேடியோ வந்திருக்கலாம். இலை தின்னும் புழு கடித்த தடத்தையாவது விட்டுச் செல்லும். ஊசி போன்ற வாயைப் பழத்தில் செருகிச் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் குடலைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், கலங்கலான ஒரு துளிதான் தெரியும். செரித்தது போக எஞ்சிய தாவர டி.என்.ஏ. அந்தத் துளிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. ஒரு செல்லில் பல நகல்களாக இருப்பதால், அதில் குறுகிய பகுதியொன்றை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, அதிலுள்ள வேதி எழுத்துகளின் வரிசையைப் படித்து, பெயர் தெரிந்த தாவரங்களின் வரிசைகளோடு ஒப்பிடுகிறோம். 100 எழுத்துகளுக்கும் குறைவான துண்டுகூடப் பல நேரங்களில் தாவரக் குடும்பத்தையோ பேரினத்தையோ காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முதல் தொகுதியில் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளிலும் புல்லின் டி.என்.ஏ. வந்தபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பூச்சியை இடுக்கியால் புரட்டிப் பார்த்தேன். கால் மூட்டு மயிர்களில் மஞ்சள் தூளாக மகரந்தம் ஒட்டியிருந்தது. குடலைப் பிரிக்கும்போது அதுவும் கலந்திருக்கலாம். அன்றுமுதல் நீர்த்த பிளீச் கரைசலில் உடலைக் கழுவிய பிறகே குடலைத் தொடுகிறோம். கழுவிய பூச்சிகளில் புல் பெரும்பாலும் மறைந்தது. வேலியோர மரங்களின் தடயம் மட்டும் நிலைத்து நின்றது. அதைத்தான் நான் நம்புகிறேன்.

பழ ஈயின் கதை வேறு. தாய் ஈ முட்டையிடுவது பழத்தில். ஆனால் அது தன் உணவாகத் தேடுவது அசுவினிப் பூச்சி சுரக்கும் தேன்துளியையும் பூந்தேனையும் பறவை எச்சத்தையும். ஆகவே அதன் குடலில் கிடைக்கும் தாவரப் பட்டியலை, அது தாக்கும் பழங்களின் பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு தின்றது என்பதையும் இந்த முறை திருத்தமாகச் சொல்லாது. பீச், பிளம், செர்ரி போன்ற ஒரே பேரினத்து மரங்களையும் இந்தக் குறுகிய துண்டால் பிரித்தறிவது கடினம்.

வேலியை வெட்டப் போவதாக எழுதியிருந்தாயே, சற்றுப் பொறு. அங்கே பிடிக்கும் பூச்சிகளை உடனுக்குடன் 95 சதவீத எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வைத்து எனக்கு அனுப்பு. தாமதித்தால் குடலில் இருப்பது சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். ஒவ்வொரு புட்டியிலும் ஒரே ஒரு பூச்சிதான் இருக்க வேண்டும். எந்தச் செடியில் பிடித்தாய் என்பதையும் பென்சிலால் எழுதி உள்ளே போட்டுவிடு.

அன்புடன்,
உன் செழியன்