அம்மாவின் தலைசுற்றல்

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகப் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது அம்மா விஷயம். காலையில் எழுந்ததும் கண் இருட்டுகிறது, பிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே. அம்மா சாப்பிடும் அட்டெனோலால் மாத்திரையைச் சட்டென்று விட்டால் இதயம் தறிகெட்டு ஓடும்.

நடப்பது இதுதான். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்புவது குறைந்தால் அது வெளியே தள்ளுவதும் குறையும். கழுத்துத் தமனியில் தாடைக்குக் கீழே ஒரு சின்னப் புடைப்பு உண்டு. சுவரின் விரிவு குறைவதை அங்குள்ள நரம்பு நுனிகள் உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். ஒன்றிரண்டு நொடியில் துடிப்பு ஏறும், சிறு தமனிகள் சுருங்கும். எழுபத்தாறு வயதில் அந்தச் சுவர் விறைத்திருக்கும், சேதி சரியாகப் போகாது. சர்க்கரை வேறு, அது நரம்புகளையே பழுதாக்கும்.

நாளைக் காலை, காபிக்கு முன்னால், பிபி மெஷினை எடு. ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒரு தடவை பார். நிற்கவைத்து ஒன்றாவது நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பார். பக்கத்தில் நாற்காலி இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்காரவை. கையைத் தொங்கவிடாதே, நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடி. கையில் சுற்றும் பட்டை நெஞ்சுக்குப் பத்து செ.மீ. கீழே தாழ்ந்தாலே ஏழெட்டுப் புள்ளி கூட்டிக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்ததும் அழுத்தம் இறங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. நாடியையும் எழுது. அழுத்தம் இவ்வளவு இறங்கியும் துடிப்பு 15கூட ஏறவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிப்பார்கள். நன்றாக ஏறினால் உடம்பில் நீர் போதவில்லையா என்று பார்ப்பார்கள். ஆனால் அட்டெனோலாலே துடிப்பை அமுக்கும். அதனால் டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும், நீர் பிரியத் தருவது முக்கியமாக.

அதுவரை, எழுவதற்கு முன் படுக்கையிலேயே பாதங்களை முப்பது தடவை மேலும் கீழும் ஆட்டச் சொல். கெண்டைக்கால் சதை சிரைகளைப் பிழியும். உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேலே மட்டும் விடும். 1628இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி கையைக் கட்டிக் காட்டியது இந்த வால்வுகளைத்தான். (லேபில் நாம் அப்படிக் கட்டிப் பார்த்த பாஸ்கியின் கை ஞாபகம் இருக்கிறதா!) பிறகு கால் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் உட்காரட்டும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை என்றால் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழட்டும். ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக விடாதே.

மூன்று அளவும் நாடியும் நாளைக்கே அனுப்பு.

உன்,
ரவி